பைய ஏறுப்பா

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் நோக்கி ஓடுகிறவருக்கு வழி நெடுக வலது கைப் பக்கம் மலைதான். கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையின் இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் துண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இணையாகவே போகிறது, ஏறுவதே இல்லை. இரண்டு ஊர்க்காரர்களின் ஓட்டப் பயிற்சியும் பெரும்பாலும் சமதளத்தில்தான். விடிகாலையில் மைதானங்களைச் சுற்றி வரும் பிள்ளைகளில் பலருக்குக் காக்கிச் சட்டைக் கனவு. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர்.

அப்படி மைதானத்தில் தேறிய பையன் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறினால் என்ன ஆகும் என்பதை, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குப் போன யாரும் பார்த்திருப்பார்கள். அடிவாரத்தில் நாலு பேரைத் தாண்டிக்கொண்டு துள்ளி ஓடுவான். வழுக்குப்பாறையைக் கடப்பதற்குள் ஓட்டம் நடையாகும். இன்னும் கொஞ்சம் ஏறினால் பாறை ஓரமாக உட்கார்ந்து, இரு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சு வாங்குவான். அவனைத் தாண்டி ஒரு பாட்டி, கையில் கம்போடு, பக்கத்தில் வருபவரிடம் பேரன் கல்யாணத்தைப் பேசிக்கொண்டே போவார். போகிற போக்கில் அவனுக்கும் ஒரு வார்த்தை: “பைய ஏறுப்பா!”

பாட்டிக்குப் பக்தி அதிகம், பையனுக்குத் தெம்பு குறைவு என்று இதை விளக்கிவிடலாம். உடலியங்கியல் வேறு காரணம் சொல்கிறது. மைதானத்தில் பையன் பழகிய வேலையும் மலையில் அவன் கால்கள் செய்ய வேண்டிய வேலையும் ஒன்றல்ல.

சமதளத்தில் ஓடும் உடல் ஒரு ரப்பர் பந்து. பாதம் தரையில் படும்போது குதிகால் தசைநாண் நீள்கிறது, பாதத்தின் வளைவு அமுங்குகிறது. பாதம் எழும்பும்போது இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பி, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றன. ஒவ்வொரு அடியிலும் கைமாறும் ஆற்றலில் ஏறத்தாழ 35 சதவீதத்தைக் குதிகால் தசைநாணும் 17 சதவீதத்தைப் பாத வளைவும் சேமித்துத் தருவதாகப் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ராபர்ட் மெக்நீல் அலெக்சாண்டரின் குழு 1987-இல் கணக்கிட்டது. கெண்டைக்கால் தசை இந்த வேலையில் அதிகம் சுருங்குவதும் இல்லை, நீளுவதும் இல்லை. நாணை இழுத்துப் பிடித்தபடி விறைப்பாக நிற்கிறது. அதனால்தான் சமதள ஓட்டம் பார்க்கத் தெரிவதைவிட மலிவு.

ஏற்றத்தில் இந்தச் சலுகை பெருமளவு போய்விடும். விழுந்த உயரத்துக்கு மேல் எந்தப் பந்தும் தானாகத் துள்ளாது. ஒவ்வொரு அடியிலும் உடல் எடை முழுவதும் முன்பு இருந்ததைவிட உயரமான இடத்துக்குப் போக வேண்டும். அந்தக் கூடுதல் ஆற்றலைத் தசை தானே சுருங்கி உண்டாக்க வேண்டும். எந்தத் தசை? கெண்டைக்கால் என்றுதான் பலரும் நினைப்போம், வலி அங்கேதான் தெரிகிறது என்பதால். ஆனால் தாமஸ் ராபர்ட்ஸும் ரிச்சர்ட் பெல்லிவோவும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சரிவு கூடக் கூட வேலைப் பளுவில் பெரும்பங்கை ஏற்பது இடுப்பு மூட்டு என்று தெரிந்தது. பிட்டத் தசைகளும் பின்தொடைத் தசைகளும்தான் உடலை மேலே தள்ளுகின்றன. மைதானத்தைச் சுற்றும்போது பாதி வேலையில் இருந்தவை மலையில் திடீரென்று முழு நேர வேலைக்கு வருகின்றன. பையன் தவித்துப் போவதில் வியப்பில்லை.

செலவைத் துல்லியமாக அளந்தவர் இத்தாலிய ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டி. மலை ஓட்டத்தில் தேர்ந்த பத்து வீரர்களைச் சாய்வான ஓடுபொறியில் ஏறவும் இறங்கவும் வைத்து, அவர்கள் உள்ளிழுத்த ஆக்சிஜனை அளந்து 2002-இல் வெளியிட்டார். சரிவு நூற்றுக்கு 45 வரை போனது. 100 மீட்டர் முன்னே போனால் 45 மீட்டர் மேலே என்று பொருள். அவருடைய சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்த்தால், சமதளத்தில் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் ஓட்டிச் செல்ல ஏறக்குறைய 3.6 ஜூல் செலவாகிறது. 10 சதவீத ஏற்றத்தில் 6 ஜூல். 20 சதவீதத்தில் 9 ஜூல். சமதளத்தில் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடுகிறவர், அதே மூச்சு அளவில் 10 சதவீத ஏற்றத்தில் ஓடினால் 10 நிமிடம் எடுப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ‘வேகம் குறைகிறதே’ என்று முடுக்குவதில்தான் பலர் விழுகிறார்கள். மலையில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, மூச்சை. ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறதா என்பது நல்ல சோதனை. கல்யாணக் கதை பேசியபடி ஏறும் பாட்டி அந்தச் சோதனையில் வழி நெடுகத் தேறிக்கொண்டே போகிறார்.

ஏறும்போது செலவானது இறங்கும்போது திரும்பி வந்துவிடாதா? கொஞ்சம்தான் வரும். 20 சதவீதச் சரிவில் ஏற 9 ஜூல், இறங்க 1.8 ஜூல், ஆக மொத்தம் 10.8. அதே தூரத்தைச் சமதளத்தில் போய் வந்தால் 7.2தான்.

உயரத்தை மட்டும் வைத்தும் கணக்குப் போடலாம். 60 கிலோ எடையுள்ளவர் 800 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். எடையை அவ்வளவு தூரம் தூக்கத் தேவையான வேலை ஏறக்குறைய 470 கிலோஜூல். தசை தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக மொத்தச் செலவு 1,880 கிலோஜூல், அதாவது சுமார் 450 கிலோகலோரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நூறு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான பால்கோவா. இவ்வளவுதானா என்று தோன்றும். மிச்சம் நான்கில் மூன்று பங்கு எங்கே போகிறது என்பதுதான் பிரச்சினை. அது அத்தனையும் உடலுக்குள்ளேயே வெப்பமாகிறது. அதை வியர்வையால் மட்டுமே வெளியேற்ற வேண்டுமானால் அரை லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டி வீணாவது இந்தக் கணக்கில் சேராது. சமதளத்தில் ஓடுபவருக்கு அவருடைய வேகமே காற்றை உண்டாக்கித் தருகிறது. மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவருக்கு அந்தக் காற்றும் இல்லை. விருதுநகர் மாவட்டத்து வெயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. மலைப் பாதையில் மயங்கி விழுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் இதயத்தையே சந்தேகிக்கிறோம்; வெப்பத்தையும் அதே அளவு சந்தேகிக்க வேண்டும்.

இனி, ஓடுவதா நடப்பதா என்ற கேள்வி. ஓட்டக்காரர்களுக்கு இது மானப் பிரச்சினை. நடந்தால் தோற்றுவிட்டதாக நினைப்பு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரோஜர் கிராமின் ஆய்வுக்கூடத்தில், நிக்கோலா ஜோவனெல்லி முன்னின்று நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு இந்த மானத்துக்கு ஒரு அளவு சொன்னது. மலை ஓட்டத்தில் பழகிய 15 பேரை 9 பாகை முதல் 39 பாகை வரை சாய்த்த பொறியில் ஏற்றினார்கள். சாய்வு எதுவானாலும் மேலே ஏறும் வேகம் மட்டும் ஒன்றே: வினாடிக்கு 35 சென்டிமீட்டர் உயரம். சாய்வு ஏறக்குறைய 16 பாகையைத் தாண்டியதும் நடப்பது ஓடுவதைவிட மலிவானது. ஒரே உயரத்தை ஒரே நேரத்தில் ஏற மிகக் குறைவான செலவு 20 முதல் 35 பாகைச் சரிவில். சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும் பாதையைவிட, நெட்டுக்குத்தாக இல்லாத ஒரு செங்குத்துப் பாதையில் நடப்பது லாபம்.

உலகின் மிக வேகமான மலையேறிகள் இதை ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஃபுலி என்ற ஊரில் பழைய இழுவை ரயில் தடம் ஒன்றின் மேல் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கும். 1,920 மீட்டர் தூரத்தில் 1,000 மீட்டர் உயரம். 2014-இல் இத்தாலியின் உர்பன் செம்மர் அதை 29 நிமிடம் 42 வினாடியில் ஏறி, அரை மணிக்குள் ஆயிரம் மீட்டர் ஏறிய முதல் மனிதரானார். அந்தப் போட்டியில் முன்னணியில் இருப்பவர்களே பெரும்பகுதியை நடந்துதான் ஏறுகிறார்கள். குனிந்து, கைகளால் தொடையை அழுத்தியோ கோலை ஊன்றியோ, நீண்ட எட்டு வைத்து.

வனக்காப்பாளர் பணிக்கான உடல்தகுதித் தேர்விலும் ஓட்டம் கிடையாது, நடைதான்: ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர், 4 மணி நேரத்துக்குள். காட்டில் வேலை செய்யப் போகிறவருக்கு எது வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

செண்பகத்தோப்புப் பக்கம் போனால் சாம்பல் நிற அணிலைப் பார்க்கலாம். 1988-இல் அந்த அணிலின் பெயராலேயே இங்கே சரணாலயம் அமைந்தது. இரண்டு கிலோவுக்கும் குறைவான அந்தப் பிராணி மரத்தில் நெட்டுக்குத்தாக ஏறும்போது, கிளையில் ஓடும் வேகத்துக்கும் ஏறும் வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்கு மட்டும் மூச்சு வாங்காதா? 1972-இல் ரிச்சர்ட் டெய்லரும் சக ஆய்வாளர்களும் சுண்டெலிகளையும் சிம்பன்சிகளையும் 15 பாகைச் சரிவில் ஓட விட்டுப் பார்த்தார்கள். சிம்பன்சிகள் ஏறும்போது ஆக்சிஜன் செலவு எகிறியது; சுண்டெலிகளுக்கு ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்க எல்லா விலங்குக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. ஆனால் சிறிய விலங்குக்குச் சமதளத்தில் ஓடுவதே கிலோவுக்கு மிக அதிகச் செலவு. அதோடு ஒப்பிட்டால் ஏற்றத்துக்கான கூடுதல் ஒன்றுமே இல்லை. பெரிய விலங்குக்குச் சமதள ஓட்டம் மலிவு. அதனாலேயே ஏற்றம் பூதாகாரமாகத் தெரிகிறது. சமவெளியில் முயல் துரத்தும் இராஜபாளையம் நாயும் இந்தக் கணக்கில் அணிலின் கட்சி அல்ல, நம் கட்சி. சமதளத்தில் சிக்கனமாக ஓடும் உடல் வாய்த்ததற்கு மலையில் நாம் கட்டும் வரி இது.

சரி, எப்படித்தான் ஏறுவது? ஓடி ஏறும்போது எட்டைச் சுருக்கி, அடிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். நீட்டி வைத்த எட்டில் முட்டி அதிகம் மடங்கும். மடங்கிய முட்டியை நிமிர்த்தத் தொடைத்தசை இரட்டை வேலை செய்யும். உடல் கணுக்காலிலிருந்து மொத்தமாக முன்சாய வேண்டும்; இடுப்பில் மடிந்து குனிந்தால் வயிறு அமுங்கி மூச்சு குறையும், பிட்டத் தசைக்கும் முழு வீச்சு கிடைக்காது. ஓட்டத்தை விட்டு நடைக்கு மாறிய பிறகு மட்டும் குனியலாம், கையைத் தொடையில் ஊன்றுவதற்காக. பார்வை நாலைந்து மீட்டர் முன்னால். உச்சியைப் பார்க்கவே கூடாது என்று சிலர் சொல்வது மனத்துக்கான யோசனை. கழுத்துக்கும் அது நல்லதுதான்.

பயிற்சியில் மலைக்குத் தனி இடம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிட்யார்ட். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர். ஆக்லாந்துக்கு அருகிலுள்ள வைட்டாக்கரே மலைகளில் தன் அக்கம்பக்கத்துப் பையன்களை 22 மைல் சுற்றுப் பாதையில் ஓட வைத்தார். முதலில் பல வாரம் நீண்ட தூரம், பிறகு சில வாரம் ஏற்றத்தில் துள்ளி ஏறும் பயிற்சி, கடைசியில்தான் தடகள மைதானம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். மைதானத்தில் ஓடப் போகிறவர்களுக்கே மலை உதவியது என்பதைக் காவலர் தேர்வுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஏற்றத்தில் இதயமும் தசையும் முழு மூச்சாக உழைக்க, பாதத்தில் விழும் அதிர்ச்சி மட்டும் குறைகிறது. பலத்தைத் தரும், முட்டியை உடைக்காது.

எவ்வளவு நீள ஏற்றம் நல்லது? கைல் பார்ன்ஸும் சகாக்களும் நியூசிலாந்தில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சில வினாடி முழு வேகப் பாய்ச்சலிலிருந்து பல நிமிட நீள ஏற்றம் வரை வெவ்வேறு முறைகளை ஓட்டக்காரர்களிடம் ஆறு வாரம் சோதித்தார்கள். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் சராசரியாக 2 சதவீத முன்னேற்றம். எந்த முறை மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே ஏற்றத்தின் நீளத்தைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். வாரம் ஒரு நாள், ஊரில் கிடைக்கும் ஏற்றத்தில் ஏறி, மெல்ல நடந்து இறங்கி, மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறினால் போதும்.

ஊரில் எங்கே கிடைக்கும்? இராஜபாளையத்துக்குச் சஞ்சீவி மலை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், தென் திருப்பதி என்று பெயர் பெற்ற திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயில் குன்று இருக்கிறது; புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே பயிற்சி என்று இறங்கினால் கூட்டத்தில் திட்டு வாங்க வேண்டியிருக்கும். அய்யனார் அருவிச் சாலையும் செண்பகத்தோப்புச் சாலையும் மலையை நோக்கி மெல்லச் சாய்ந்து ஏறுபவை; நீண்ட, இளஞ்சரிவு ஓட்டத்துக்கு நல்லவை, ஆனால் சோதனைச் சாவடி வரைதான். அதற்கு அப்பால் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். யானையும் கரடியும் உள்ள காட்டில் விடிகாலை தனியாக ஓடுவது துணிச்சல் இல்லை, மடமை. சதுரகிரிக்கும் வனத்துறை அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் நேரத்தில்தான் போக வேண்டும்.

இவ்வளவு நேரம் ஏறுவதைப் பற்றியே பேசினோம். சதுரகிரி போய் வந்தவர்களைக் கேட்டால் மறுநாள் வலியை உண்டாக்கியது ஏற்றம் இல்லை, இறக்கம்தான் என்பார்கள். படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்வது இரண்டாம் நாள் காட்சி. மினெட்டியின் கணக்கில் இறக்கம் மலிவானதாயிற்றே?

ஆக்சிஜன் கணக்கில் மலிவுதான். 1952-இல் அபாட், பிரெண்டா பிக்லண்ட், ரிட்ச்சி என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இரண்டு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக வைத்து, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதியைத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை. ஆனால் மிதித்தவருக்கு மூச்சு முட்டியது. தடுத்தவர் பல மடங்கு குறைந்த ஆக்சிஜனில் சமாளித்தார். நீண்டுகொண்டே விசை தரும் தசைக்கு அவ்வளவு குறைந்த எரிபொருள் போதும். இறங்கும்போது முன்தொடைத் தசை செய்வது இந்தத் தடுப்பு வேலையைத்தான். வேலை செய்யும் தசை நார்கள் குறைவு, ஒவ்வொன்றின் மேலும் விழும் இழுவை அதிகம்; நார்களுக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி ஓரிரு நாள் கழித்து உச்சத்துக்கு வருவது இதனால்தான். ‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது ஏறிய ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.

தரையின் அடியும் சேர்கிறது. ஜிஞ்சர் காட்ஷாலும் கிராமும் 2005-இல் அளந்தபடி, 9 பாகை இறக்கத்தில் ஓடும்போது பாதத்தில் விழும் மோதல் விசை சமதளத்தைவிட 54 சதவீதமும், உடலைத் தடுத்து நிறுத்தும் விசை 73 சதவீதமும் கூடுகின்றன. அடிவாரத்தில் வாங்கும் கம்பை ஏறும்போது தேடுகிறோம், திரும்பும்போது சுமை என்று வீசிவிடுகிறோம். அது தலைகீழ். இரண்டு கோல் ஊன்றி இறங்கினால் முட்டி மூட்டில் விழும் விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைவதாக ஹெர்மன் ஷ்வாமேடர் 1999-இல் கண்டார். இறங்கும்போது முட்டியை விறைப்பாக வைக்காமல் லேசாக மடித்து, அடியைச் சின்னதாக வைக்க வேண்டும். ஒவ்வொரு எட்டிலும் குதிகாலைக் குத்தி நிறுத்தினால் அந்த 73 சதவீதம் இன்னும் கூடும்.

தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு முறை இறக்கத்தில் கொஞ்சம் அடிபட்டால், அடுத்த முறை அதே வேலையில் சேதம் வெகுவாகக் குறைகிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கிறது. ஆகவே ஆடி அமாவாசைக்கு ஏறத் திட்டமிடுகிறவர் இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு நாள் குன்றுப் படிகளில் மேலிருந்து கீழாக, பத்துப் பதினைந்து நிமிடம், வேகமில்லாமல் இறங்கிப் பழக வேண்டும். அன்று தொடை லேசாகக் கட்டிக்கொள்ளும். நாலைந்து நாளில் சரியாகிவிடும். அடுத்த வாரம் அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்யலாம். கடைசி வாரம் வேண்டாம். வலியோடு தாணிப்பாறையில் போய் நின்றால் ஏற்றத்திலேயே திணற வேண்டியதுதான்.